குவெஸ்ட் 3, ஆர்டிஎக்ஸ் 3070: இன்ஸ்ப்ரூக்கில் இறங்குவதற்குள் வயிறு புரட்டுகிறது, எதைக் குறைப்பது?

மலைக்காற்று

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக 27 அங்குல 1440பி மானிட்டரில் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாமே அல்ட்ரா, ஒரு குறையும் இல்லை. போன மாதம் ஒருவழியாகக் காசு சேர்த்து, தலையில் மாட்டிப் பார்க்கும் விஆர் ஹெட்செட்டான குவெஸ்ட் 3 வாங்கினேன். கணினி இதுதான்: சிபியு (ப்ராசசர்) ரைசன் 5 5600, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) ஆர்டிஎக்ஸ் 3070 (8 ஜிபி), 32 ஜிபி ராம். ஹெட்செட்டை வைஃபை வழியாக வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற செயலியில் இணைக்கிறேன்.

முதல் நாள் கன்ட்ரோல் டேப் அழுத்தி விஆருக்குள் போனதும் ஐந்து நிமிடம் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன், செஸ்னா 172ன் கதவுப்பிடியைத் தொட நிஜமாகவே கையை நீட்டிவிட்டேன். அப்புறம் தொடங்கியது தொல்லை. விஆர் டேபிலும் எல்லாவற்றையும் அல்ட்ரா ஆக்கியிருந்தேன், எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) 22க்கும் 26க்கும் நடுவில் ஆடியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் விமான நிலையத்தில் ரன்வே 26ல் இறங்க இன் பள்ளத்தாக்கில் வந்துகொண்டிருக்கும்போது வலது பக்கம் மலையைப் பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினேன், மலை என்னோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது தடவை திருப்பியதும் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிட்டது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தேன்.

சரி என்று யூடியூபில் ஒருவர் சொன்னபடி எல்லாவற்றையும் லோவுக்கு இறக்கினேன். இப்போது 40க்கு மேல் போகிறது, ஆனால் மரமெல்லாம் பச்சைக் கறை மாதிரி, மேகம் அழுக்குப் பஞ்சு மாதிரி, எல்லாவற்றுக்கும் மேலாக உயரமானியில் இருக்கும் எண்களைப் படிக்க முடியவில்லை. அல்ட்ராவிலும் அதே மங்கல்தான் இருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. இவ்வளவு செலவு செய்து மானிட்டரைவிட மோசமாகப் பார்க்கவா வாங்கினேன்?

கேள்வி இதுதான். அழகையும் வேகத்தையும் ஓரளவாவது ஒன்றாக வைத்துக்கொள்ள எதை விட்டு எதைப் பிடிக்க வேண்டும்? 4090 வாங்கு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், வீட்டில் ஹெட்செட்டின் விலையையே இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பழைய_பறவை

தம்பி, விலையைச் சொல்லாதவரை பிழைத்தீர்கள். விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

மானிட்டரில் அல்ட்ரா ஓடிய கணினி இதில் ஏன் திணறுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1440பி என்பது சுமார் 37 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3ல் ஒரு கண்ணுக்கு 2064×2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. லென்ஸ் படத்தை வளைக்கும், அதற்கு ஈடாக மென்பொருள் எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்ப வேண்டும், அப்படி வளைக்கும்போது நடுப்பகுதி இழுபட்டு மங்காமல் இருக்க திரையைவிடப் பெரிய படத்தையே முதலில் வரைந்துகொள்ள வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் 1.4 மடங்கு என்று வைத்தால் ஒரு கோடியே 78 லட்சம் பிக்சல் வருகிறது. மானிட்டரில் செய்த வேலையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. உங்கள் 3070 இத்தனைக்கும் 22 கொடுத்ததே பெரிய விஷயம்.

இரண்டாவது, எஃப்பிஎஸ் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று பாருங்கள். ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் 13.9 மில்லி செகண்டுக்குள் தயாராக வேண்டும், 90 ஹெர்ட்ஸில் 11.1. இந்த சிமுலேட்டரில் உங்கள் கணினிக்கு அதெல்லாம் கனவு. ஆனால் பாதி வேகம், அதாவது 72ல் பாதியான 36, அதற்கு 27.8 மில்லி செகண்ட் கிடைக்கிறது. இதை எட்டலாம். நடுவில் விடுபட்ட ஃபிரேம்களை ஹெட்செட்டே ஊகித்து நிரப்பிவிடும். வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் அதற்குப் பெயர் எஸ்எஸ்டபிள்யூ, அந்த வேலையை ஹெட்செட்டில் இருக்கும் ஸ்னாப்டிராகன் சிப்பே செய்வதால் உங்கள் ஜிபியு தலையில் விழாது. அதை ‘ஆட்டோமேட்டிக்’கில் விடாமல் ‘ஆல்வேஸ்’ என்று வைக்கவும். ஆட்டோவில் விட்டால் 36க்கும் 72க்கும் நடுவில் போய்ப் போய் வரும், அந்தத் தாவல்தான் வயிற்றைப் புரட்டும். ஒரே சீராக 36 வந்தால் மூளை பழகிவிடும், 40க்கும் 55க்கும் நடுவில் ஆடினால் எத்தனை நாள் ஆனாலும் பழகாது.

இப்போது எதைக் குறைப்பது என்பது. அதற்கு முன்னால் மாட்டிக்கொண்டது யார் என்று தெரிய வேண்டும், சிபியுவா ஜிபியுவா. டெவலப்பர் மோடை இயக்கி எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்தால் மெயின் த்ரெடா (சிபியுவின் முக்கிய வேலை வரிசை) ஜிபியுவா என்று அதுவே சொல்லும். நம்பிக்கை இல்லையென்றால் ரெண்டர் ஸ்கேலிங்கை (படத்தை எத்தனை சதவீத அளவில் வரைவது என்பது) ஒரேயடியாக 50க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் நேரம் மளமளவென்று குறைந்தால் ஜிபியுதான் முட்டிக்கொண்டிருந்தது. அசையவே இல்லையென்றால் சிபியு, அப்போது மேகம் நிழல் எல்லாம் குறைத்து ஒரு பயனும் இல்லை, சும்மா அழகைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். யூடியூபில் சொன்னாரென்று எல்லாவற்றையும் லோவில் வைத்தீர்களே, அதில் பாதி எதற்கு என்றே தெரியாமல் வைத்தது.

ஜிபியு முட்டினால்: முதலில் மேகம். அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினாலே பெரிய லாபம், மீடியம் வரை போனால் ஓரங்கள் பொரிந்த மாதிரி தெரியும், நான் ஹையோடு நிறுத்திக்கொள்வேன். அடுத்து ஆம்பியன்ட் ஆக்லூஷன், கான்டாக்ட் ஷேடோ, ரிஃப்ளெக்ஷன் என்ற நுண் நிழல்களும் பிரதிபலிப்பும், இதெல்லாம் லோ அல்லது ஆஃப், ஹெட்செட்டுக்குள் யாரும் கவனிப்பதில்லை. புல், புதர் போன்றவை மீடியம் போதும்.

சிபியு முட்டினால்: டெரெய்ன் எல்ஓடி, அதாவது நிலப்பரப்பை எவ்வளவு தூரம் வரை விவரமாக வரைவது என்பது. அல்ட்ராவில் அது 200ல் நிற்கும். 100 ஆக்கினால் விவரமாக வரையும் தூரம் பாதியாகும், ஆனால் பரப்பளவு கால்வாசி ஆகிவிடும், அதனால்தான் இந்த ஒரு ஸ்லைடருக்கு இவ்வளவு பலம். அப்புறம் ஏஐ விமானங்கள், விமான நிலைய வண்டிகள், ஆட்கள், எல்லாவற்றையும் இறக்குங்கள். கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் என்று ஒன்று இருக்கும், முள் மானிகளுக்குப் பதில் ஜி1000 போன்ற திரைகள் உள்ள விமானம் ஓட்டினால் மீடியத்தில் வையுங்கள்.

எதைக் குறைத்தாலும் காக்பிட்டை மட்டும் தொடாதீர்கள். பறக்கும் நேரத்தில் முக்கால்வாசி உங்கள் கண் இருப்பது அங்கேதான், ஒரு முழம் தூரத்தில். 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையில் மரம் பச்சைக் கறையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். டெக்ஸ்சர் ஹையில் இருக்கட்டும், ஆனால் அல்ட்ரா வேண்டாம், 8 ஜிபி வீடியோ நினைவகம் நிரம்பினால் மீதி ராமுக்கு வழியும், வழிந்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று ஃபைனல் அப்ரோச்சில் (இறங்கும் கடைசிக் கட்டத்தில்) ஸ்லைட் ஷோ ஆகும். அதே காரணத்துக்காக டைரக்ட்எக்ஸ் 12 வேண்டாம், 11லேயே இருங்கள்.

ஹார்னெட்_ராசு

பழைய_பறவை அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்குக் கை தூக்குகிறேன், அந்த 36 விஷயத்துக்கு மட்டும் மாட்டேன். நான் ஓட்டுவது டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டர். அங்கே எஃப்ஏ-18ல் மரத்துக்கு மேல் 200 அடியில் போகும்போது, இல்லையென்றால் எதிரி விமானம் பக்கவாட்டில் குறுக்கே வெட்டும்போது, ஊகித்து நிரப்பிய ஃபிரேம் அந்த விமானத்தை இரண்டாக்கி வாலோடு வால் ஒட்டிக் காட்டும். அதைக் குறிவைத்துச் சுட முடியாது. நான் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து நிஜமான 72 வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

மலைக்காற்று, நீங்கள் செஸ்னாவில் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டபிள்யூ போட்டால் சுழலும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தெரியும் தரை தண்ணீரில் தெரிகிற மாதிரி நெளியும். சிலர் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு ஒரு தடவை கண்ணில் பட்டது, அதற்குப் பிறகு அது ஒன்றுதான் தெரிகிறது. ஜெட்டில் போனால் இந்தத் தொல்லை இல்லை, மூக்கில் எதுவும் சுற்றுவதில்லையே.

டிசிஎஸ்ஸில் வருகிறவர்களுக்காக: முதலில் கண்ணாடிகளை அணையுங்கள், அதாவது காக்பிட்டின் பின்பார்வைக் கண்ணாடிகள், அதற்காகக் காட்சியை இன்னொரு தடவை வரைந்துகொண்டிருக்கிறது. டெரெய்ன் ஷேடோ ஃப்ளாட். சோதனை செய்யும்போது இலகுவான காகஸஸ் வரைபடத்தில் செய்யுங்கள், கனமான சிரியா வரைபடத்தில் தொடங்கினால் மனசு உடையும். என்னிடம் இருப்பது குவெஸ்ட் ப்ரோ, கண் எங்கே பார்க்கிறது என்று அதற்குத் தெரியும், குவாட் வியூஸ் போட்டு ஓட்டுகிறேன். கண்ணுக்கு இரண்டு படம் வரைகிறது, சுற்றிலும் தெரிவதற்கு மங்கலாக ஒன்று, நான் பார்க்கும் இடத்துக்கு மட்டும் சின்னதாகக் கூர்மையாக இன்னொன்று. மனிதக் கண் உண்மையிலேயே கூர்மையாகப் பார்ப்பது நடுவில் இரண்டு டிகிரி அளவுதான், மிச்சமெல்லாம் மூளை ஒப்பேற்றுவது, அதைத்தான் இதுவும் செய்கிறது. ஜிபியு மூச்சு விட்டது, ஆனால் நான்கு படத்துக்கும் கட்டளை அனுப்ப வேண்டும் என்பதால் சிபியு கூடுதலாகத் திணறும். குவெஸ்ட் 3ல் கண் தொடரும் வசதி கிடையாது, அதனால் உங்களுக்கு இது வெறும் ஏக்கம்தான், மன்னிக்கவும்.

டிஎல்எஸ்எஸ் பற்றி யாரும் பேசவில்லையே?

பழைய_பறவை

ராசு, மரத்துக்கு மேல் 200 அடியில் நீங்கள் போவது சரி, அங்கே 72 வேண்டும்தான். அவர் 6000 அடியில் 100 நாட் வேகத்தில் போகிறார், வெளியே எதுவும் அவ்வளவு வேகமாக நகர்வதில்லை, தலையைத் திருப்புவது ஒன்றுதான் பெரிய அசைவு. தலை திரும்பியதற்கேற்ப கடைசிப் படத்தை நகர்த்திக் காட்டும் டைம்வார்ப் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஹெலிகாப்டர்க்காரர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

டிஎல்எஸ்எஸ் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தேன், மறந்துவிட்டேன். குவாலிட்டி மோடில் ஒவ்வொரு பக்கமும் 67 சதவீத அளவில் வரைந்து பெரிதாக்கும், பெர்ஃபாமன்ஸில் 50 சதவீதம். மலை, மேகம், ரன்வே எல்லாம் நன்றாகவே வரும். தகராறு கிளாஸ் காக்பிட்டில். டிஎல்எஸ்எஸ் முந்தைய ஃபிரேம்களிலிருந்து விவரத்தைச் சேர்த்துக்கொண்டுதான் படத்தை உருவாக்குகிறது, எந்தப் பொருள் எங்கே நகர்ந்தது என்ற தகவல் அதற்கு வேண்டும். பிஎஃப்டி (உயரம், வேகம் காட்டும் முதன்மைத் திரை) திரைக்குள் ஓடும் எண்கள் நகர்ந்ததாகவே அதற்குத் தெரியாது, பெட்டி அங்கேயேதானே நிற்கிறது. அதனால் உயரம் மாறும்போது பழைய எண்ணின் சாயல் புது எண்ணின் மேல் ஒட்டிக்கொண்டு 3ஆ 8ஆ என்று தெரியாது. 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்மர் மாடலில் இது நன்றாகவே குறைந்திருக்கிறது, என்விடியா ஆப்பிலேயே ஓவர்ரைடு போட்டுப் பார்க்கலாம். உங்கள் கார்டில் அது கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். முள் வைத்த பழைய மானிகள் உள்ள 172 ஓட்டினால் கவலையே இல்லை, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போடுங்கள். ஜி1000 என்றால் டிஏஏ (ஓரங்களை மென்மையாக்கும் வழக்கமான முறை) வைத்து ரெண்டர் ஸ்கேலிங்கை 80 பக்கம் இறக்குவதையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வானிலையில் பாருங்கள். நேரலை வானிலையில் சோதித்துவிட்டு இன்றைக்கு நன்றாக ஓடுகிறது என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, இன்றைக்கு மேகம் இல்லை, அவ்வளவுதான்.

வானம்பாடி

எல்லோரும் கணினிக்குள்ளேயே நிற்கிறீர்கள், நான் வெளியிலிருந்து கேட்கிறேன். மலைக்காற்று, அல்ட்ராவிலும் அதே மங்கல்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு இடிக்கிறது. செட்டிங்ஸ் காரணமாக இருந்தால் அல்ட்ராவுக்கும் லோவுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டுமே.

ஹெட்செட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, லென்ஸ்களுக்கு நடுவிலான தூரத்தை மாற்றுவது. அதைத் திருப்பினால் திரையில் எண் வரும். உங்கள் கண் பாப்பாக்களுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியுமா? கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கண்ணாடிக் கடைச் சீட்டில் ‘பிடி’ (பியூப்பிலரி டிஸ்டன்ஸ்) என்று எழுதியிருப்பார்கள். நான் வாங்கிய புதிதில் ஒரு வாரம் இதே மாதிரி ரெண்டர் ஸ்கேலிங்கோடு மல்லுக்கட்டினேன், கடைசியில் ஹெட்செட்டை நெற்றியில் கொஞ்சம் மேலே தூக்கி, பின்பட்டையைக் கழுத்துப் பக்கம் இறக்கியதும் எல்லாம் தெளிந்தது. பட்டை சரியாக இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எந்த ஜிபியுவும் உதவாது.

அடுத்து, எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். குவெஸ்ட் 3ல் ஒரு டிகிரிக்கு 25 பிக்சல்தான். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு 60 வரை பிரித்தறியத் தெரியும். அதனால் நேராக உட்கார்ந்த நிலையில் எல்லாச் சின்ன எழுத்தும் படிக்க வராது. முன்னால் குனியுங்கள். நிஜ விமானத்திலும் ஃபியூஸ் பலகையில் எழுதியிருப்பதைக் குனிந்துதான் படிப்பார்கள். டிசிஎஸ்ஸில் விஆர் ஜூமுக்கு ஒரு பட்டன் வைத்துக்கொள்ளலாம், ராசு அண்ணனுக்குத் தெரியும்.

வைஃபை பற்றியும் ஒன்று. எஃப்பிஎஸ் பெட்டியில் சீராக ஓடுகிறது, ஆனாலும் படம் விக்குகிறது என்றால் அது கிராஃபிக்ஸ் இல்லை, ரவுட்டர். எங்கள் வீட்டில் இணைய இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்தது, கணினியும் அதனோடு வைஃபையிலேயே பேசிக்கொண்டிருந்தது. கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் விட்டேன், பாதி விக்கல் போய்விட்டது. மீதிப் பாதி தம்பி மாடியில் படம் பார்ப்பதை நிறுத்தியதும் போனது. பிட்ரேட்டை (ஹெட்செட்டுக்கு அனுப்பும் தரவின் வேகம்) உச்சத்துக்கு ஏற்றாமல் முதலில் 100 எம்பிபிஎஸ் பக்கம் வைத்துப் பாருங்கள்.

குமட்டல் தொடங்கிவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகலாம் என்று நினைத்தால் ஹெட்செட்டின் ரப்பர் வாசனைக்கே குமட்ட ஆரம்பித்துவிடும், எனக்கு ஆனது. முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, மெதுவாகத் திருப்புங்கள், ஆகாயத்தைவிடத் தரையில்தான் தலை அதிகம் சுற்றும், பக்கத்தில் இருப்பதெல்லாம் வேகமாக நகர்கிறது பாருங்கள்.

மலைக்காற்று

வானம்பாடி, உங்களுக்கு ஒரு கும்பிடு. சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன், 58ல் நிற்கிறது. கண்ணாடிச் சீட்டில் 66. வாங்கின அன்றைக்கு அக்கா பையன், எட்டு வயது, ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான், அவன் வசதிக்குத் திருப்பியிருக்கிறான். இந்த ஒரு மாதமாக நான் ஒரு எட்டு வயதுப் பையனின் கண்ணால் ஆல்ப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 66க்குக் கொண்டுவந்ததும் உயரமானியில் நூறடி முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் கோடுகள் வரை தெரிகிறது. பேசாமல் கொஞ்ச நேரம் ஹேங்கரில் உட்கார்ந்து ஒவ்வொரு மானியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பழைய_பறவை அண்ணன் சொன்னபடி வரிசையாகச் செய்தேன். இன்ஸ்ப்ரூக், காலை 10 மணி, சிதறிய மேகம் என்று வானிலையைப் பூட்டிவிட்டு, ரன்வே 26ன் முனையில் நின்றபடி. முதல் நாள் அல்ட்ராவில் ஜிபியு 42 மில்லி செகண்ட் காட்டியது. ரெண்டர் ஸ்கேலிங் 50 ஆக்கியதும் 19. ஆக ஜிபியுதான். மேகம் ஹை, ஆம்பியன்ட் ஆக்லூஷன் ஆஃப், ரிஃப்ளெக்ஷன் லோ, நிழல் மீடியம், டெக்ஸ்சர் ஹை, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி, வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மீடியம். இப்போது 24லிருந்து 26க்குள் நிற்கிறது. எஸ்எஸ்டபிள்யூ ஆல்வேஸ், 72 ஹெர்ட்ஸ். டெரெய்ன் எல்ஓடியை 120ல் வைத்திருக்கிறேன், மலை முகடு தூரத்தில் மழுங்காமல் இருக்க.

நேற்று இரவு விமான நிலையத்தைச் சுற்றி முழு சர்க்யூட் ஒன்று போய்விட்டு இறங்கினேன். ஃபைனலில் வலது பக்கம் நார்ட்கெட்டே மலையைத் தலை திருப்பிப் பார்த்தேன், அது இருந்த இடத்திலேயே இருந்தது. ராசு சொன்ன ப்ரொப்பெல்லர் நெளிவு இருக்கிறது, உண்மைதான், நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் கவனித்திருக்க மாட்டேன், உங்களுக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று. அதே செட்டிங்ஸோடு ஃப்ளைபைவயர் ஏ320 பயணிகள் விமானத்தை எடுத்துக்கொண்டு லண்டன் ஹீத்ரோ போனேன். 36 நிற்கவில்லை, 28, 30 என்று விழுகிறது. மேகத்தை மீடியம் ஆக்கினேன், ஒன்றும் மாறவில்லை.

பழைய_பறவை

மாறாது. எஃப்பிஎஸ் பெட்டியைப் பாருங்கள், ‘மெயின் த்ரெட்’ என்று எழுதியிருக்கும், நான் பந்தயம் கட்டுகிறேன். ஹீத்ரோ கட்டடங்கள், சுற்றிலும் லண்டன், உள்ளே அத்தனை திரைகளையும் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் ஏ320, எல்லாம் ஒரே த்ரெடில் வரிசை கட்டி நிற்கின்றன. இங்கே டெரெய்ன் எல்ஓடியை 120லிருந்து 60, 70க்கு இறக்குங்கள். ஹீத்ரோவில் நீங்கள் ரன்வேயைத்தான் பார்க்கப்போகிறீர்கள், எல்ஓடி 200 வைத்து லண்டனில் உள்ள ஒவ்வொரு வீட்டு மாடியையும் அல்ல. ஏஐ விமானம் பூஜ்யம், தரை வண்டிகள் பூஜ்யம். போட்டோகிராமெட்ரியை (நிஜப் படங்களிலிருந்து உருவாக்கிய நகரக் கட்டடங்கள்) அணைத்தும் ஒரு தடவை பாருங்கள். மேகத்தைத் திரும்ப ஹைக்கே ஏற்றிவிடுங்கள், அதற்கு ஜிபியு சும்மாதானே இருக்கிறது.

நான் இரண்டு செட்டிங்ஸ் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், செஸ்னாவும் மலையும் ஒன்று, பெரிய விமானமும் பெரிய நகரமும் இன்னொன்று. ஒன்றையே வைத்து இரண்டுக்கும் ஓட்டப் பார்த்தால் இரண்டிலும் குறை.

பிற்பாடு காசு வரும்போது ஜிபியுவுக்கு முன்னால் சிபியுவை யோசியுங்கள். உங்கள் மதர்போர்டு ஏஎம்4 சாக்கெட், அதில் 5800எக்ஸ்3டி சிபியு அப்படியே உட்காரும், பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம். 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதுதான் அதன் ரகசியம், இந்த சிமுலேட்டர் திரும்பத் திரும்பத் தேடும் தரவு கையெட்டும் தூரத்தில் இருந்தால் மெயின் த்ரெட் காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது, யாராவது மாற்றும்போது பழையது பிடிக்கலாம்.

ரிவெர்ப்காரன்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஹெச்பி ரிவெர்ப் ஜி2 இருக்கிறது, கண்ணுக்கு 2160×2160, 90 ஹெர்ட்ஸ். தாளில் அச்சடித்த மாதிரி அதன் தெளிவு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் விண்டோஸ் 11ன் 24ஹெச்2 அப்டேட் போட்டதும் அதை இயக்கும் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டியே காணாமல் போய், ஹெட்செட் பேப்பர் வெயிட் ஆகிவிட்டது. பழைய பதிப்புக்குத் திரும்பாமல் வழி இருக்கிறதா? பிறகு கேள்வியோடு கேள்வியாக, மலைக்காற்று ஃப்ளைட் சிமுலேட்டர் 2024க்கு மாறலாமா?

ஹார்னெட்_ராசு

ஸ்டீமில் ஓயாசிஸ் என்ற பெயரில் ஒரு டிரைவர் இருக்கிறது, அதைப் போட்டால் ஸ்டீம்விஆர் வழியாக உங்கள் ஜி2 எழுந்துகொள்ளும். என்விடியா கார்டு இருந்தால் மட்டும். ஏஎம்டி என்றால் பேப்பர் வெயிட்தான்.

2024ல் ஃபோவியேட்டட் ரெண்டரிங் உள்ளேயே வருகிறது, ஓரங்களை மங்கலாக வரைந்து நடுவுக்குப் பலம் கொடுப்பது, அது நல்ல விஷயம். 2020ல் அதற்கு ஓப்பன்எக்ஸ்ஆர் டூல்கிட்டைத் தனியாகப் போட வேண்டியிருந்தது, அதைச் செய்தவரே இப்போது பராமரிப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் 8 ஜிபி கார்டை வைத்துக்கொண்டு 2024க்குப் போவதற்கு நான் அவசரப்பட மாட்டேன். அங்கே வீடியோ நினைவகம்தான் முதலில் தீர்கிறது, டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கி, திரும்பவும் உயரமானியோடு சண்டை போட வேண்டும்.

மலைக்காற்று

பந்தயத்தில் அண்ணன் ஜெயித்துவிட்டார், ‘மெயின் த்ரெட்’ என்றுதான் சிவப்பில் எரிகிறது. டெரெய்ன் எல்ஓடி 70, வண்டிகள் பூஜ்யம், போட்டோகிராமெட்ரி ஆஃப். ஹீத்ரோ 27 லெஃப்டில் இறங்கும்போது 36 உடையவில்லை, டெர்மினல் பக்கம் டாக்ஸி செய்யும்போது மட்டும் 33க்குப் போய் வந்தது, அதற்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டேன். மேகம் ஹையிலேயே இருக்கிறது.

இரண்டு செட்டிங்ஸையும் நோட்டில் எழுதி மானிட்டருக்கு அடியில் ஒட்டிவிட்டேன். சக்கரத்தின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பும் ஒட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வருகிறான்.